தாயின் மடியும் குட்டியின் அழுகையும்

மாடு கட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்த நம்மவர் எவருக்கும் மடிநோய் என்னும் சொல் புதியதன்று. காலையில் கறக்கச் செல்லும் அன்னை மடியில் கை வைத்தவுடன் முகம் வாடுவதையும், முதற் பீச்சிலேயே பால் திரிதிரியாக விழக் கண்டு வீடே கலங்குவதையும் நம்மிற் பலர் பார்த்திருப்போம். அதே நோய் நாய்க்கும் பூனைக்கும் வரும் என்று சொன்னால் மட்டும், வேளாண்மை பயிலும் நண்பர்கள்கூட வியந்து நோக்குகிறார்கள். காரணம் எளியது. பசுவின் பால் நமக்கு வேண்டும். ஆகவே அதன் மடியை நாள்தோறும் இருமுறை தொடுகிறோம். நாயின் பாலை நாம் கறப்பதில்லை. ஆகவே அதன் மடியைப் பார்ப்பாரும் இல்லை. குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சுவோர் பலர். தாய்க்குச் சோறிடுவோரும் உண்டு. அதன் வயிற்றின் அடியில் ஒருநாள் குனிந்து நோக்குவோர் அரியர்.

கால்நடை மருத்துவம் பயில்பவன் என்பதற்காகவே இப் பந்த்நகர் வளாகத்தில் என் அறைக் கதவு இரவு பகல் பாராமல் தட்டப்படுவதுண்டு. பொறியியல் நண்பர் வருவார். உழவியல் நண்பர் வருவார். ஊரிலிருந்து தங்கை தொலைபேசியில் அழைத்தாள் என்று சொல்லி, வீட்டுப் பூனையின் கதையைக் கூறுவாரும் உண்டு. அவர்கள் கொண்டுவரும் கேள்விகளுள் அடிக்கடி எழுவது ஒன்று: “குட்டிகள் ஓயாமல் கத்துகின்றன, என்ன செய்யலாம்?” அந்த ஒரு கேள்விக்கு விடையாகவே இதனை எழுதுகிறேன். குட்டி கத்தினால் முதலில் தாயின் மடியைப் பாருங்கள்.

பசுவிற்கு நான்கு காம்புகள். ஒவ்வொன்றிற்கும் ஒரே துளை. நாய்க்குப் பொதுவாக ஐந்து இணை, அதாவது பத்துக் காம்புகள். எட்டோ பன்னிரண்டோ உடையனவும் உண்டு. பூனைக்கு நான்கு இணை. இவற்றின் ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஊசிமுனை போன்ற சிறு துளைகள் பல இருக்கின்றன. ஒவ்வொரு காம்பிற்கும் அதற்கென்றே ஒரு சுரப்பி. ஒன்றில் ஊறும் பால் மற்றொன்றிற்குச் செல்வதில்லை. இவ்வமைப்பினால் ஒரு நன்மை உண்டு. ஒரு சுரப்பி கெட்டாலும் அடுத்தது நலமாகவே இருக்கக்கூடும். தீமையும் அதிலேயே உண்டு. பத்தில் ஒன்று கெட்டிருப்பது மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படாது. அதிலும் பின்னங்கால்களுக்கு அருகிலுள்ள கடைசி இரண்டு இணைகளே பெரியவை, மிகுதியாகப் பால் சுரப்பவை. நோயும் பெரும்பாலும் அவற்றைத்தான் பற்றுகிறது. தாய் சுருண்டு படுத்தால் முதலில் மறைவனவும் அவையே.

நோயை உண்டாக்கும் கிருமிகள் எங்கிருந்தோ பறந்து வருவன அல்ல. ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பவை தாயின் தோலிலும் குட்டியின் வாயிலும் எப்போதும் குடியிருப்பவை. ஈ. கோலை என்பது குடலில் வாழ்வது. மலம் பட்ட தரையிலும் நனைந்த சாக்கிலும் நிறைந்திருப்பது. காம்பின் துளை வழியாகவோ, தோலிற் கண்ட கீறல் வழியாகவோ இவை உள்ளே புகுகின்றன. பால் குடிக்கும் குட்டி முன்னங்கால்களால் மடியை மாறி மாறி அழுத்துவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வழுத்தம் பால் இறங்குவதற்குத் துணை செய்கிறது. ஆயின் குட்டியின் நகமோ முள்போற் கூரியது. அன்பாகத்தான் அழுத்துகிறது, கீறல் விழுந்துவிடுகிறது. ஈன்றபின் கருப்பையில் அழுகல் ஏற்பட்டிருந்தால் அங்கிருந்து இரத்தத்தின் வழியாகவும் கிருமி மடிக்கு வருவதுண்டு. குட்டிகள் திடீரென்று இறந்துபோனாலும், யாரோ ஒருவர் எல்லாக் குட்டிகளையும் ஒரே நாளில் எடுத்துச் சென்றுவிட்டாலும், பால் மடியிலேயே தேங்குகிறது. தேங்கிய பால் கிருமிகளுக்கு நல்விருந்து.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் நான் கண்ட ஒன்றைச் சொன்னால் நோயின் போக்கு விளங்கும். தராய்ப் பகுதியின் மூடுபனி எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். பகல் பதினொரு மணிக்கும் எதிரே வரும் மிதிவண்டி தெரியாது. ஒரு விடுதியின் சமையற்கூடத்திற்குப் பின்னால், உடைந்த மேசைகள் அடுக்கிய மூலையில் ஒரு செந்நிற நாய் ஆறு குட்டிகளை ஈன்றிருந்தது. நம் தமிழ் மாணவர்கள் அதற்குச் செவலை என்று பெயரிட்டு, தயிர்ச்சோற்றையும் ரொட்டியையும் தவறாமல் இட்டு வந்தனர். ஒன்பதாம் நாள் இரவு முழுதும் குட்டிகள் கத்தின. குளிரினால் கத்துகின்றன என்று எண்ணிச் சாக்கு விரித்தனர். அடுத்த நாளும் கத்தின. மேலும் ஒரு சாக்கு வந்தது. பதினோராம் நாள் காலையில் இரண்டு குட்டிகள் இறந்து கிடந்தன. அப்போதுதான் என்னைத் தேடி வந்தார்கள்.

நான் சென்றபோது தாய் நின்றுகொண்டிருந்தது. குட்டிகள் தவழ்ந்து வந்து வாய் வைத்தவுடன் நகர்ந்தது. மீண்டும் வாய் வைத்தன. உறுமிவிட்டு எட்டிப் போய் நின்றது. “தாய்க்குக் குட்டிகள்மேல் அன்பில்லை, பார்த்தீர்களா!” என்றார் அருகிலிருந்த நண்பர். அன்பில்லாமை அன்று, வலி. நாள்தோறும் சோறிடும் மாணவரைக் கொண்டு அதனைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பார்த்தேன். வலப்பக்கத்துக் கடைசிச் சுரப்பி கொய்யாக்காய் அளவு வீங்கி, சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் இருந்தது. புறங்கையை வைத்தால் சுட்டது. அடுத்த சுரப்பி மென்மையாகவே இருந்தது. வெள்ளைத் தாளில் இரு துளி பீச்சினேன்; மஞ்சளாக, கட்டி கட்டியாக, ஓரத்தில் இரத்தக் கோட்டுடன் வந்தது. வெப்பமானியில் 104 டிகிரிக்கு மேல் காட்டியது. நாய்க்கு இயல்பான வெப்பம் பாரன்ஹீட்டில் ஏறத்தாழ 101 முதல் 102.5 வரை என்பதை நினைவிற்கொள்க. நம் உடலின் 98.4ஐ வைத்து நாயை அளந்தால் நலமாயுள்ள நாயும் காய்ச்சற்காரனாகத்தான் தோன்றும்.

எங்கள் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே கொண்டு சென்றோம். பாலில் சிறிது கிருமி ஆய்வுக்கு எடுக்கப்பட்டது. ஊசியும் மாத்திரையும் தொடங்கின. நான்கு குட்டிகளுக்கும் சில நாட்கள் மாணவர்கள் முறைவைத்துப் புட்டிப்பால் கொடுத்தனர். மூன்றாம் நாள் தாய் தானாகவே படுத்துப் பால் கொடுத்தது. நான்கும் பிழைத்தன. இறந்த இரண்டைப் பற்றி மாணவர்கள் கேட்டபோது, அவை குளிரினால் இறந்தனவா பசியினால் இறந்தனவா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. பிறந்து சில நாட்களே ஆன குட்டிக்கு இவ்விரண்டும் ஒன்றுதான். வயிற்றில் பால் இல்லாத குட்டி தன் உடலின் வெப்பத்தைக் காத்துக்கொள்ள மாட்டாது.

இதிலிருந்து தெரிவது, நோய் முதலில் பேசுவது குட்டியின் வாயினால் என்பதே. வயிறு நிறைந்த குட்டி தூங்கும். தூக்கத்தில் உடல் துள்ளும். அதுவும் நலத்தின் குறியே. பசித்த குட்டி கத்தும், தலையை ஆட்டிக்கொண்டு தவழ்ந்து தேடும். மேலும் நாளாயின் கத்தவும் வலுவின்றிக் கிடக்கும். “இப்போது அமைதியாகிவிட்டது” என்று மகிழ்வோர் அந்நிலையில்தான் ஏமாறுகிறார்கள். ஐயமிருந்தால் சமையற்கூடத்துத் தராசு ஒன்றே போதும். நாய்க்குட்டி எட்டுப் பத்து நாட்களில் பிறந்தபோதிருந்த எடையைப் போல் இரு மடங்காக வேண்டும். பூனைக்குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம். நாளொன்றுக்கு 10 கிராம் அளவிற்கு ஏறவேண்டும். ஒருநாள் எடை ஏறாது நின்றாலே தாயைப் பார்க்க வேண்டும். குறைந்தாலோ அன்றே மருத்துவரை நாடவேண்டும்.

பூனைக்குட்டிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த சில நாட்களுக்குள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு காம்பைத் தேர்ந்துகொண்டு பெரும்பாலும் அதையே நாடும். ஆகவே நான்கு குட்டிகள் கொழுத்திருக்க ஒன்று மட்டும் மெலிந்தால், அது எந்தக் காம்பில் குடிக்கிறது என்று பார்ப்பது நன்று. பூனை தன் நோயை மறைப்பதில் வல்லது. நாயைப் போல் உறுமிக் காட்டாது. குட்டிகளை விட்டு எழுந்துபோய் வேறோர் இடத்தில் குந்தியிருக்கும், அவ்வளவே.

மடியைப் பார்ப்பதற்கென்று தனி வித்தை ஒன்றுமில்லை. தாய் நன்கு பழகியவர், அது படுத்திருக்கும்போது, புறங்கையால் ஒவ்வொரு சுரப்பியையும் தொட்டு, பக்கத்துச் சுரப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஒன்று மட்டும் சூடா? ஒன்று மட்டும் இறுகியிருக்கிறதா? தொட்டவுடன் தலையைத் திருப்புகிறதா? ஈன்ற முதல் ஓரிரு நாட்களில் வரும் சீம்பால் மஞ்சளாகத்தான் இருக்கும். அதைக் கண்டு அஞ்சவேண்டா. அதன்பின் பால் வெண்மையாக, நீர் போலும் கட்டி போலும் இல்லாமல், ஒரே சீராக வரவேண்டும். பழகாதவர் கை வைக்க வேண்டா. குட்டி ஈன்ற நாய் கடிப்பது அதன் குற்றமன்று. கடித்துவிட்டால் பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவரிடம் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சிறு கீறல்தானே என்று விட்டுவிடக்கூடாது.

இனி மருந்தைப் பற்றி. இங்கேதான் நான் சற்றுக் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. செவலையைப் பார்க்கச் சென்ற அன்று ஒரு நண்பர் காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் பொடித்துத் தயிர்ச்சோற்றில் கலப்பதற்காகக் கையில் வைத்திருந்தார். நல்லெண்ணந்தான். ஆனால் அது ஒரு பூனையாக இருந்து, அச் சோற்றைத் தின்றிருந்தால், நோய்க்கு முன் மாத்திரையே அதைக் கொன்றிருக்கும். நாம் தலைவலிக்கு விழுங்கும் பாராசிட்டமாலை நம் கல்லீரல் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. அவ்வாறு மாற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. வெளியேறாத மருந்து நஞ்சாகிக் குருதியின் சிவப்பணுக்களைத் தாக்க, அவை உயிர்வளியைச் சுமக்க மாட்டாமல் போகின்றன. ஈறு பழுப்பாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சுத் திணறும். ஒரு பூனைக்கு அரை மாத்திரையே போதும். நாய்க்கு இப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கிருமிக்கொல்லி மருந்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். அறையில் மிச்சமிருக்கும் சிப்ரோஃபுளாக்சசினையோ டாக்சிசைக்கிளினையோ கொடுக்கலாமா என்று கேட்பவர் உண்டு. கூடாது. தாய்க்குக் கொடுப்பது பால் வழியாகக் குட்டிக்கும் போகிறது. முன்னது வளரும் குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கவல்லது. பின்னது சார்ந்த டெட்ராசைக்கிளின் குடும்பம் முளைக்கும் பல்லில் கறையேற்றும், எலும்பிலும் படியும். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது மருத்துவர் பெரும்பாலும் அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் கலந்த மருந்தையோ செஃபலெக்சினையோ தேர்ந்தெடுப்பது இதனாலேயே. இதில் அறிவியல் மாணவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. குருதி சற்றே காரத்தன்மையுடையது; பால் சற்றே அமிலத்தன்மையுடையது. மென்கார இயல்புள்ள மருந்து குருதியிலிருந்து பாலுக்குள் இறங்கியதும் அங்கே மின்னூட்டம் பெற்று வெளியேற மாட்டாமல் சிக்கிக்கொள்கிறது. மென்னமில மருந்து அவ்வளவாகச் சிக்குவதில்லை. ஆனால் அழற்சி மிகும்போது குருதிநீர் பாலில் கசிந்து அதன் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். எனவேதான் மருத்துவர் சில வேளைகளில் பாலின் அமிலநிலையையும் பார்த்து மருந்தை முடிவு செய்கிறார். பால் ஆய்வின் முடிவு வந்தபின் மருந்தை மாற்றுவதும் உண்டு. சிகிச்சை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் நீளும். நான்காம் நாள் வீக்கம் வடிந்தது என்று நிறுத்திவிடுவதனால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் தலையெடுக்கின்றன.

மஞ்சள், வேப்பிலை அரைத்துப் பூசலாமா என்று அத்தைமார் கேட்பார்கள். மடியில் எதைப் பூசினாலும் அது குட்டியின் வாய்க்குள் போகும், அல்லது அதன் கசப்பினால் குட்டி குடிக்க மறுக்கும். நான் சொல்வது வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்றே. கையால் பொறுக்கக்கூடிய சூட்டில், நாளைக்கு மூன்று நான்கு முறை சில நிமிடங்கள் ஒற்றி, பின் மெல்லப் பீச்சிக் கெட்ட பாலை வெளியேற்ற வேண்டும். தாய் வலியால் துடித்தால் வற்புறுத்தக் கூடாது.

குட்டிகளைப் பிரிப்பதா வேண்டாவா என்பதில் மருத்துவரிடையேயும் ஒரே கருத்து இல்லை. என் எண்ணம், தாய் ஓரளவு நலமாக இருந்து, பால் நிறம் மாறினும் சீழாகாமல் இருந்தால், குட்டிகளை விட்டுவைப்பதே மேல். அவை உறிஞ்சுவதைப்போல் மடியை வெறுமையாக்கும் கருவி வேறில்லை. நோயுற்ற காம்பை மட்டும் துணியால் மூடிவைத்து மற்றவற்றில் குடிக்க விடுவதும் உண்டு. சீழ் வந்தாலோ, தோல் கறுத்துக் குளிர்ந்தாலோ, தாய் உண்ணாமல் தலை சாய்த்துக் கிடந்தாலோ குட்டிகளை எடுத்தேயாக வேண்டும். கறுத்த தோலைக் கண்டு தாயின் கதை முடிந்தது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அது பிழை. இறந்த பகுதி கழன்று பெரிய புண்ணாகும், பார்க்கவே அச்சமாயிருக்கும். தக்க மருந்தும், நாள்தோறும் கழுவிக் கட்டுவதும், தேவையானால் அறுவையும் செய்தால் அப் புண் ஆறுகிறது. உயிருக்குக் கேடு செய்வது புண்ணைவிடக் குருதியில் பரவும் நஞ்சே. அதனால்தான் காய்ச்சலும் சோர்வும் கண்டால் நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

எடுத்த குட்டிக்கு என்ன கொடுப்பது? பசும்பாலைவிட நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் ஏறத்தாழ இரு மடங்கு. தனிப் பசும்பாலில் குட்டி வளராது, கழிச்சலும் காணும். நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் என்றே விற்கும் பால்மாவு நல்லது. குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு ஒரு துளியும் புகட்டாதீர்கள். முதலில் மெல்ல மெல்ல வெதுவெதுப்பாக்க வேண்டும். மனிதக் குழந்தையைப் போல் மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோல் குப்புறப் படுத்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும். குடித்தபின் ஈரப் பஞ்சினால் அடிவயிற்றையும் பின்புறத்தையும் வருட வேண்டும். தாய் நக்கித்தான் அவை சிறுநீரும் மலமும் கழிக்கும், தாமாகக் கழிக்கத் தெரியாது. தேர்வுக்காலத்தில் நான்கு பேர் முறைவைத்துச் செய்தாலும் கண்ணைச் சுழற்றும் வேலை இது.

மடி வீங்கியதெல்லாம் இந் நோயன்று. குட்டிகளை மறக்கடிக்கும்போது இருபக்கமும் ஒருங்கே நிறைந்து இறுகும். காய்ச்சல் இராது, பாலும் வெள்ளையாயிருக்கும். இளம் பூனைக்குச் சினையின்போதோ, கருத்தடைக்கென்று ஹார்மோன் ஊசி போட்டபின்போ, எல்லாச் சுரப்பிகளும் பெரிதாகத் திரள்வதுண்டு. அதற்குக் கிருமி காரணமன்று, ஹார்மோனே காரணம். குட்டி ஈனாத முதிய நாயின் மடியில் ஆறாத கட்டி கண்டால் புற்றையும் எண்ணவேண்டும். பாலூட்டும் தாய் காலை விறைத்து நடந்து, இளைத்து, உடல் நடுங்கினாலோ அது சுண்ணாம்புச்சத்துக் குறைவு. மணிக்கணக்கில் உயிர் போகும். அப்போது மடியைத் தடவிக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

வராமற் காப்பதற்கு வேண்டியவை சிறியவை. படுக்கைச் சாக்கை நாள்தோறும் மாற்றி உலர்ந்ததாக இடுதல். வாரம் ஒருமுறை குட்டிகளின் நகநுனியை மட்டும் சிறு நகவெட்டியால் வெட்டுதல். வேண்டியவர் வந்து கேட்டாலும் எல்லாக் குட்டிகளையும் ஒரே நாளில் கொடுத்துவிடலாகாது. நாய்க்குட்டிக்கு மூன்று நான்கு வாரத்தில் கரைத்த சோறும் குழைத்த உணவும் பழக்கி, பால் குடிக்கும் நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஏழெட்டு வாரத்தில் ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும். கடைசியாகப் பிரிக்கும் நாளில் தாயின் உணவைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து, அடுத்த சில நாட்களில் சிறிது சிறிதாக ஏற்றினால் பால் தானே வற்றும். அந் நாட்களில் மடி நிறைந்திருக்கிறதே என்று பீச்சிவிடாதீர்கள். பீச்சப் பீச்ச மேலும் சுரக்கும். பால் முற்றும் வற்றியபின் கருத்தடை அறுவைக்கு நாள் குறித்துக்கொள்ளலாம்.